பிறப்பு எடையும் பிற்கால உடற்பயிற்சியும்: தொடர்பு உண்மையா, அளவுகோலின் கோளாறா? (நால்வர் வாதம்)

தராசுமுள்:
“எடை குறைவாகப் பிறந்த பிள்ளை வளர்ந்தபின் ஓடியாடாது” என்பதைப் பலரும் அப்படியே ஒப்பிக்கிறார்கள். அது பாதி உண்மை. வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகளில் 13 ஆய்வுக் குழுக்களைச் சேர்த்து 2009-ல் வந்த கூட்டாய்வில் 43,482 பேர் இருந்தார்கள். 3.26 முதல் 3.75 கிலோ வரை எடையுடன் பிறந்தவர்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களை அரைக் கிலோ படிகளாகப் பிரித்தார்கள். 2.75 கிலோவுக்குக் கீழே இருந்த படிகளில் ஓய்வுநேர உடற்பயிற்சி செய்பவர்கள் குறைவு. 4.75 கிலோவைத் தாண்டிய படியிலும் குறைவுதான். கவிழ்த்து வைத்த கிண்ணம் போன்ற கோடு அது: நடுவே தட்டை, இரு விளிம்பிலும் சரிவு. 2.9 கிலோவில் பிறந்தவரையும் 3.5 கிலோவில் பிறந்தவரையும் வைத்து வித்தியாசம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. விளிம்பில் உள்ளவர்களுக்கு அது இருக்கிறது என்பதே என் வாதம்.

நாடித்துடிப்பு:
கிண்ணம் சரி, ஆனா எதால அளந்தாங்க? கேள்வித்தாளால. “ஓய்வு நேரத்துல உடற்பயிற்சி செய்வீங்களா?”ன்னு கேட்டு, பதிலை ஆம், இல்லைன்னு இரண்டாப் பிரிச்சா கிடைக்கிறது பழக்கத்தைப் பத்தின நினைவு மட்டும்தான். உடம்பு நாள் முழுக்க எவ்வளவு அசைஞ்சதுன்னு அதுல தெரியாது. 2011-ல் நாலு ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்து, இடுப்புல கட்டுற அசைவுமானியால சிறுவர்களையும் பதின்பருவத்தினரையும் அளந்தாங்க. பிறப்பு எடைக்கும் அசைவுக்கும் தொடர்பே கிடைக்கல. இன்னும் தெளிவான சாட்சி பின்லாந்தோட ஹெல்சின்கி ஆய்வு. 1,500 கிராமுக்குக் கீழே, குறைமாதத்துல பிறந்த இளைஞர்கள் ‘நாங்க குறைவாத்தான் பயிற்சி செய்யறோம்’னு சொன்னாங்க. அதே குழுவுல அசைவுமானி கட்டிப் பார்த்தப்போ, நிறைமாதத்துல பிறந்தவங்களோட ஒப்பிட்டா வித்தியாசம் தெரியல. கருவி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது. நான் கருவியை நம்புறேன்.

தராசுமுள்:
கருவிக்கும் கண் மறைவான இடங்கள் உண்டு. நீச்சலின்போது பெரும்பாலும் கழற்றி வைத்துவிடுவார்கள். மிதிவண்டி ஓட்டும்போது இடுப்பு அதிகம் ஆடாது. எடை தூக்குவது பெரும்பாலும் பதிவாவதில்லை. தொடர்ந்து 60 நிமிடம் சுழி (பூஜ்யம்) காட்டினால் ‘கழற்றி வைத்திருந்தார்’ என்று அந்த நேரத்தையே நீக்குவதும் பரவலான வழக்கம். அசையாமல் உட்கார்ந்திருந்த நேரமும் அதோடு போய்விடும். சிறுவர்களின் துள்ளலோ சில விநாடிகளில் முடிந்துவிடும். 60 விநாடிக்கு ஒரு பதிவு என்று வைத்தால் அது சராசரியில் கரைந்துபோகும். 5 முதல் 15 விநாடி வரை வைத்தால்தான் பிடிபடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்த நான்கு ஆய்வுகளிலும் இரு விளிம்புகளிலும் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கிண்ண வடிவத் தரவில் நேர்கோட்டைப் பொருத்தினால் இருபுறச் சரிவும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாய்வு சுழியாகும். ‘தொடர்பில்லை’ என்ற முடிவு அப்படியும் வரலாம்.

தசைநார்:
நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வேற விஷயத்தை அளக்கறீங்க. ‘மொத்த அசைவு’ வேற, ‘திட்டமிட்ட பயிற்சி’ வேற. கடைக்கு நடக்கறது, படி ஏறறது எல்லாம் முதல் கணக்குல சேரும். ஓட்டம், பந்தாட்டம், உடற்பயிற்சிக்கூடம் இரண்டாவது கணக்கு. மிகக் குறைந்த எடையில் பிறந்தவங்க முதலாவதைக் குறைக்காம இரண்டாவதை மட்டும் தவிர்த்தா, ஹெல்சின்கியில வந்த இரண்டு முடிவும் ஒரே சமயத்துல உண்மையா இருக்க முடியும்.

ஏன் தவிர்க்கறாங்க? மூணு இடத்தைப் பார்க்கணும். முதல்ல தசை. தசை இழைகளோட எண்ணிக்கை பெரும்பாலும் பிறக்கறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது; அப்புறம் தடிக்கும், எண்ணிக்கை பெரிசாக் கூடாது. ஆனா இதை ஊதிப் பெரிசாக்க வேண்டாம். 2012 கூட்டாய்வின்படி, பிறப்பு எடை ஒரு கிலோ கூடினா பிற்காலக் கைப்பிடி வலு 0.86 கிலோதான் கூடுது. வளர்ந்த ஆணோட பிடி நாற்பது, ஐம்பது கிலோ இருக்கும். அதுல இது எம்மாத்திரம்? இரண்டாவது நுரையீரல். ரொம்ப முன்னாடியே பிறந்து, நெடுநாள் ஆக்சிஜன்ல இருந்த குழந்தைங்களுக்கு முதல் விநாடியில வெளிவிடும் மூச்சின் அளவு பிறகும் குறைவாவே இருக்கறது உண்டு. உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது, வேகமா ஓடினாத்தான் இரைக்கும். மூணாவது, என் கணிப்புல முக்கியமானது, அசைவு ஒருங்கிணைப்பு, அதாவது கண்ணும் கையும் காலும் சேர்ந்து இயங்கறது. பந்தைப் பிடிக்க முடியாத பிள்ளையை எந்த அணியும் சேர்த்துக்காது. நாலு தடவை ஒதுக்கப்பட்டா தானாவே ஒதுங்கிடும். அது சோம்பல் இல்லை.

சராசரி:
தராசுமுள், நாடித்துடிப்பு, நீங்கள் இருவருமே சிசு எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 34 வாரத்தில் 2,300 கிராம் இயல்பான எடை. அதே 2,300 கிராம் 40 வாரத்தில் என்றால் கருப்பையில் வளர்ச்சி தடைப்பட்டிருக்கிறது. காரணமும் விளைவும் வேறான இந்த இரண்டையும் ‘2.5 கிலோவுக்குக் கீழ்’ என்ற ஒரே பெட்டியில் போட்டால் எதையும் பிரித்தறிய முடியாது.

குழப்பும் காரணிகளும், அதாவது எடையையும் பயிற்சியையும் பின்னாலிருந்து ஆட்டுவிக்கும் வேறு காரணங்களும், உண்டு. கர்ப்ப காலத்தில் புகைத்தால் பிறப்பு எடை குறையும். புகைக்கும் குடும்பத்தில் உடற்பயிற்சிப் பழக்கமும் குறைவாக இருந்தால், எடையின் மேல் பழி விழும். இதற்கு ஒரு தாயின் பிள்ளைகளை ஒப்பிடலாம். ஒரு கரு இரட்டையர் இன்னும் நல்லது. மரபணு ஒன்று, வாரக்கணக்கு ஒன்று, நஞ்சுக்கொடியில் கிடைத்த பங்கு மட்டும் வேறு.

இன்னொரு தவறு: தொடர்பைக் கணக்கிடும் சமன்பாட்டில் தற்போதைய உடல் எடையையும் சேர்ப்பது. சேர்த்த பிறகு தொடர்பு பலமானால், நீங்கள் அளப்பது பிறப்பு எடையை அல்ல, பிறப்புக்குப் பின் எவ்வளவு வேகமாக எடை ஏறியது என்பதை.

தராசுமுள்:
வாரக்கணக்கு பற்றிய விமர்சனத்தை ஏற்கிறேன். ஆனால் எல்லாமே குழப்பும் காரணி என்றால் எலிகளை என்ன செய்வது? 2003-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து ஆய்வாளர்கள் கர்ப்பிணி எலிகளுக்கு இயல்பான தீனியில் 30 சதவீதம் மட்டும் கொடுத்தார்கள். பிறந்த குட்டிகள் வளர்ந்தபின் குறைவாகவே நடமாடின. எலிக்குப் புகைப்பழக்கமும் இல்லை, வர்க்கமும் இல்லை.

நாடித்துடிப்பு:
எழுபது சதவீதம் தீனி வெட்டு! அது பஞ்சம். 2.4 கிலோவுல பிறந்த குழந்தையோட அம்மாவை அந்தக் கூண்டுக்குள்ள வைக்கலாமா? ‘இப்படி நடக்க வழி இருக்கு’ங்கிறதை எலி காட்டும். மனுசங்ககிட்ட எவ்வளவு நடக்குதுன்னு காட்டாது. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்: இந்தக் கோட்டைக் காட்டி ஒரு பெற்றோர்கிட்ட ‘உங்க பிள்ளை இப்படித்தான் இருக்கும்’னு சொல்லிட்டா, அந்தப் பிள்ளையை யாரும் மைதானத்துக்கே கூட்டிட்டுப் போக மாட்டாங்க.

தசைநார்:
அங்கே நான் உங்க பக்கம். 2004-ல் வந்த ஹெல்சின்கி முதியோர் ஆய்வு, உடற்பயிற்சியால ரத்தச் சர்க்கரைக் கோளாறு தடுக்கப்படற பலன் சிறுத்துப் பிறந்தவங்ககிட்டதான் தெளிவாத் தெரிஞ்சதுன்னு சொல்லுது. அவங்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

முதல்ல திருத்திய வயதை, அதாவது பிறக்க வேண்டிய தேதியில இருந்து எண்ணின வயதை, வச்சுப் பாருங்க. 30 வாரத்துல பிறந்த குழந்தைக்கு ஆறு மாசம் ஆகும்போது திருத்திய வயது கிட்டத்தட்ட மூணே முக்கால் மாசம்தான். ‘இன்னும் உட்காரலையே’ன்னு அவசரப்படக் கூடாது. தவழாத வயசுல, விழிச்சிருக்கும்போது, யாராவது பக்கத்துல இருந்து குப்புறப் படுக்க விடணும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்றது நாள் முழுக்கச் சேர்த்து 30 நிமிடம். ஒரே மூச்சா வேண்டாம், இரண்டு மூணு நிமிடமாப் பிரிங்க. தூங்க வைக்கறது எப்பவும் மல்லாக்கத்தான். ஒருங்கிணைப்புக் குறைபாட்டை ஐந்து வயசுக்கு முன்னாடி உறுதி செய்யறது வழக்கமில்லை. ஆனா பொத்தான் போட, படியில கால் மாத்தி இறங்க ரொம்பத் திணறினா அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம், டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஓடும்போது இரைக்குதுன்னா, ஐந்தாறு வயசுல மூச்சளவுச் சோதனை சரியா ஊத வரும். விளையாட்டுல பெரிய மென்பந்துல தொடங்குங்க. நீச்சல், மிதிவண்டி மாதிரி அணித் தேர்வு இல்லாததைக் கொடுங்க.

தராசுமுள்:
மறு விளிம்பை மறக்காதீர்கள். 4.75 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் எத்தனை பேரின் தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது என்று பிரித்துப் பார்க்காமல், அந்தப் பக்கச் சரிவுக்கு எந்த விளக்கமும் நிற்காது.

சராசரி:
அதைப் பிரிக்கும்போது வாரக்கணக்கையும் சேர்த்துப் பிரியுங்கள். கேள்வித்தாளையும் அசைவுமானியையும் ஒரே ஆட்களிடம், ஒரே வாரத்தில் பயன்படுத்த வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரமாவது அசைவுமானியைக் கட்டிய நாட்கள் குறைந்தது நான்கு இருக்கட்டும்.