முலு குகைகளுக்கு அம்மாவையும் மகனையும் அழைத்துச் செல்லலாமா?

கிள்ளான் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். வருகின்ற பள்ளி விடுமுறையில் சரவாக் மாநிலத்தின் குனோங் முலு தேசியப் பூங்காவுக்குச் செல்லவிருக்கிறோம். என்னுடன் 64 வயது அம்மாவும் 10 வயது மகனும் வருகிறார்கள். அம்மா தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவர். ஆயினும் முழங்கால் வலியால், படிகளில் கைப்பிடியைப் பற்றாமல் இறங்க மாட்டார். மகனோ, வௌவால்கள் கூட்டமாக வெளியேறுவதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறான். இரண்டு இரவுகள் போதுமா, அம்மாவுக்கு எந்தக் குகைகள் தோதுப்படும் என்பதைச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மிரிவாசி:
வணக்கம் சகோதரி. தாராளமாக அழைத்து வாருங்கள். ஆனால் மூன்று இரவுகள் தங்குங்கள். முலுவுக்குச் சாலை கிடையாது, மிரி நகரிலிருந்து அரை மணி நேர விமானப் பயணம்தான். மழையால் விமானம் தாமதமாகி, எங்கள் முதல் மாலை முழுவதும் வீணானது. பலத்த மழை பெய்தால் வௌவால்களும் வெளியே வருவதில்லை. இரண்டாம் மாலையும் வானம் இருண்டே இருந்தது. மூன்றாம் மாலை ஐந்தரை மணியளவில் மான் குகையின் வாயிலிலிருந்து புகைபோல ஒரு கோடு எழுந்து, வளைந்து, வளையமாகச் சுருண்டு காட்டின் மேல் நகர்ந்ததைக் கண்டபோது என் மகள் பேச்சற்று நின்றாள். அங்கே முப்பது லட்சம் வௌவால்கள் வரை வாழ்வதாக மதிப்பிடுகிறார்கள்.

மான் குகைக்கு மூன்று கிலோமீட்டர் மரப்பலகைப் பாதை. பெரும்பாலும் சமதளம் என்பதால் அம்மாவுக்குச் சிரமமிராது. குகைக்குள்தான் கவனம் தேவை. கைப்பிடிகள் மீது வௌவால் எச்சமும் சிறு பூச்சிகளும் இருக்கும். அம்மா அவற்றைப் பற்றித்தான் நடக்க வேண்டும் என்பதால் ஒரு சோடி கையுறையும் ஊன்றுகோலும் எடுத்து வாருங்கள். திரும்பும்போது இருட்டிவிடும், ஆளுக்கொரு கைவிளக்கு அவசியம்.

ஈப்போ ஆசிரியர்:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர: அம்மாவுக்கு உண்மையான சோதனை மான் குகையன்று, தெளிநீர்க் குகைதான். மெலினாவ் ஆற்றில் நீள்படகில் சென்று இறங்கிய பின், அதன் வாயிலை அடைய ஏறத்தாழ 200 படிகள் ஏற வேண்டும். முடியாவிட்டால் அம்மா கீழே ஆற்றங்கரையில் அமர்ந்திருக்கலாம். அதுவும் அழகான இடமே. லாங் குகை சிறியது. தொங்கும் சுண்ணாம்புப் படிவங்களை அருகிலிருந்து பார்க்க அதுவே சிறந்தது.

மகனிடம் ஒரு செய்தியைச் சொல்லி வையுங்கள். பூங்காவுக்குப் பெயர் தந்த முலு மலை 2,376 மீட்டர் உயரமுள்ள மணற்கல் மலை. குகைகள் அதில் இல்லை. அதையடுத்துள்ள சுண்ணாம்புக்கல் மலைகளை மழைநீரும் மலையிலிருந்து இறங்கும் ஆறுகளும் பல லட்சம் ஆண்டுகளாகக் கரைத்ததால்தான் இக்குகைகள் உருவாயின. அவற்றுள் ஒன்றான குனோங் அப்பி மலையின் சரிவில் 45 மீட்டர் உயரம் வரை நிற்கும் கூரிய கற்கோபுரங்களும் அவ்வாறு பிறந்தவையே. ஆனால் அங்கே ஏறுவது ஏணிகளும் கயிறுகளும் நிறைந்த கடும் பயணம், இம்முறை அதை விட்டுவிடுங்கள். வௌவால்கள் வெளியேறும் நேரத்தில் வல்லூறுகள் அவற்றை வேட்டையாட வரும். வானத்தின் ஓரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கிள்ளான் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. மூன்று இரவுகள் தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். தெளிநீர்க் குகைக்கு மகனை நான் அழைத்துச் செல்வேன். அம்மா ஆற்றங்கரையில் இருப்பதாகச் சொல்லிவிட்டார். வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டுமா?

மிரிவாசி:
ஆம் சகோதரி, வழிகாட்டியின்றிக் குகைகளுக்குள் அனுமதியில்லை; விடுமுறைக் காலத்தில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடும், எனவே பயணச்சீட்டு எடுக்கும் அன்றே பூங்காவிலும் பதிவு செய்துவிடுங்கள். சரவாக்கில் நுழையும்போது குடிநுழைவுச் சோதனை உண்டு; உங்கள் அடையாள அட்டைகளோடு மகனின் பிறப்புச் சான்றிதழையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.