பாகப்பிரிவினையில் தர்மத்துக்கு ஒரு பங்கு: நடக்கிற காரியமா?

பம்புக்காரன், கோவை:
எங்களுடையது மோட்டார் பம்பு பட்டறை. 40 பேர் வேலை செய்கிறார்கள். அண்ணன் தம்பி மூவருக்கும் பாகம் பிரிக்க உட்கார்ந்த அன்று அப்பா, "நான்காகப் போடுங்கள், ஒன்று தர்மத்துக்கு" என்று சொல்லிவிட்டார். கணக்குப் படித்த சின்னவனோ, "பெரிய கம்பெனிகளுக்கே லாபத்தில் 2 சதவீதம்தான் சமூகப் பணிக்கு என்று சட்டம். நாம் அந்த வரம்புக்குள்ளேயே வரமாட்டோம்" என்கிறான். சொத்தையே இப்படிப் பிரித்தவர்கள் உண்டா?

ஓய்வுபெற்ற லேத் மாஸ்டர்:
தம்பி, கோவையில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? பீளமேடு கோவிந்தசாமி நாயுடுவுக்கு மகன்கள் நான்கு பேர். போட்ட பங்கு ஐந்து. அந்த ஐந்தாவதுதான் 1926-ல் 2,01,000 ரூபாயோடு பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) அறநிலையம் ஆயிற்று.

எனக்குப் பிடித்தது தொகை அல்ல. பணத்தை வட்டிக்குப் போட்டு அன்னதானம் செய்துவிட்டு ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் ஒரு தொழிற்கூடம் வைத்தார்கள். பையன்கள் தொழில் பழகினார்கள், பம்பும் மோட்டாரும் விற்பனைக்குப் போயின. 1951-ல் பொறியியல் கல்லூரியும் அதை ஒட்டியே வந்தது. பழகுகிற காலத்தில் நான் கெடுத்த வார்ப்புகளுக்குக் கணக்கில்லை. கெட்டதை உடைத்து மறுபடி உலையில் போடலாம். பழகிய கை மிச்சம். உங்களிடமும் பட்டறை இருக்கிறதே!

சின்னவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆண்டு நன்கொடை என்றால், வியாபாரம் படுத்த வருடம் முதலில் வெட்டுவது அதைத்தான். நான் பின்னால் வேலை பார்த்த ஒரு மில்லில் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளி அப்படித்தான் மூடப்பட்டது. பங்காகப் பத்திரம் எழுதிவிட்டால் கைவைக்க முடியாது.

செட்டிநாட்டான்:
எங்கள் அழகப்பச் செட்டியாரை விட்டுவிட்டீர்களே! காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தவர். மகளிர் கல்லூரிக்காகக் குடியிருந்த வீட்டையே விட்டார். 1957-ல் போனபோது வயது ஐம்பதைத் தொடவில்லை. ஆனால் அவர் ஒற்றை ஆள், நினைத்ததும் கொடுத்தார். மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டிய வீட்டுக்கு மாஸ்டர் சொன்ன வழிதான் சரி.

பம்புக்காரன், கோவை:
சாப்பிடும்போது எல்லாவற்றையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நான்கு வீட்டு மருமகள்களும் என்ன சொன்னார்களாம்?" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவியும் சின்னவன் மனைவியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.