காந்தம் நீக்கி வந்த ஷாஃப்டில் மறுபடி காந்தம்: யாருக்காவது நடந்திருக்கிறதா?

பஞ்சிகாவத்தை லேத்:
எம்.பி.ஐ (காந்தம் ஏற்றி, இரும்புத் தூள் போட்டு வெடிப்புப் பார்க்கிற சோதனை) முடிந்து வந்த ஷாஃப்ட். காந்தத்தை நீக்கியாயிற்று என்று சர்டிபிகேட்டில் இருக்கிறது. நானும் இரண்டு முனையிலும் காந்த மீட்டர் வைத்தேன், முள் அசையவில்லை. சரி என்று மில்லிங்கில் ஏற்றி கீவே (சாவிக்கட்டை உட்காருகிற நீளப் பள்ளம்) வெட்டினேன். ஏர் அடித்தால் மற்றத் தூளெல்லாம் பறந்துவிட்டது. கீவேயின் இரண்டு விளிம்பில் மட்டும் பொடி முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது! துணியால் வழித்தால் எதிர் விளிம்பில் போய் ஒட்டுகிறது. பேரிங் ஏறப்போகிற சாமான். வெட்டியதால் வந்த காந்தமா?

கொட்டாஞ்சேனை:
இல்லை தம்பி, முன்பே உள்ளே இருந்தது. முனைக்கு முனை கரண்ட் விட்டுச் சோதித்திருப்பார்கள். அப்போது காந்தம் ஷாஃப்டுக்குள் வட்டமாகச் சுற்றும், வெளியே துருவமே கிடையாது. மீட்டருக்கு என்ன தெரியும்? கீவே அந்த வட்டத்தை அறுத்ததும் இரண்டு விளிம்பும் துருவமாகிவிட்டன. எங்களிடம் ஒரு கியர் ஷாஃப்ட் இதேபோல் வந்தது.

முகத்துவாரம் யார்ட்:
அண்ணா சொல்வது புத்தகத்துக்குச் சரி. நான் கண்டது வேறு. சாப்பாட்டு நேரம், சாமான் காந்தம் நீக்குகிற ஏசி காயிலுக்குள் இருக்கும்போதே ஒரு பொடியன் சுவிட்சை அணைத்துவிட்டான். வெளியே எடுத்தால் ஸ்பேனரும் கூடவே தொங்கிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான் கதை. இனிமேல் எல்லாரும் இப்படிச் செய்யுங்கள்: கரண்ட் ஓடும்போதே சாமானை நேராக, மெல்ல வெளியே இழுங்கள். 1.5 மீட்டராவது தள்ளி வந்த பிறகுதான் சுவிட்ச். நீளமான சாமான் என்றால் காயிலைக் கிழக்கு மேற்காக வையுங்கள். கொழும்பில் பூமியின் காந்தம் கிட்டத்தட்டக் கிடையாகவே ஓடுகிறது, 0.4 காஸ் (காந்தத்தை அளக்கிற அலகு) அளவு. வடக்கு தெற்காக வைத்தால் அதுவே சாமானில் கொஞ்சம் ஏறிவிடும். பருமனான ஷாஃப்டுக்கு 50 ஹெர்ட்ஸ் ஏசி மேல்தோலோடு நின்றுவிடும். டிசியைத் திசை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் குறைத்து விடுகிற மெஷின் வேண்டும். கடைசியில் மிச்சக் காந்தம் 3 காஸுக்குக் கீழே வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள்.

கொட்டாஞ்சேனை:
காயிலில் விட்ட பிழை என்றால் முனையிலேயே மீட்டர் காட்டியிருக்குமே. முள் அசையவில்லை என்று தம்பி எழுதியதை வாசிக்கவில்லையா? தம்பி, அடுத்த தடவை சோதிக்கிறவர்களிடம் கேளுங்கள்: முனைக்கு முனை விடுகிற கரண்டை முதலில் முடித்துவிட்டு, காயிலால் நெடுக்காகக் காந்தம் ஏற்றி, அதற்கப்புறம் காந்தத்தை நீக்கச் சொல்லுங்கள். நெடுக்குக் காந்தம் மிச்சம் இருந்தால் முனையில் வைத்த மீட்டரே காட்டிக்கொடுக்கும்.