பெர்லினில் அம்மாவோடு சுற்ற எந்த டிக்கெட்?

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மாவைப் பெர்லினுக்கு அழைத்துப் போகிறேன். அவருக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக, அப்புறம் சுற்றிப் பார்க்க என்ன டிக்கெட் எடுக்கலாம்?

தருமபுரியிலிருந்து:
பெர்லினில் டிக்கெட் கட்டணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. வரும் அன்றைக்கு ஏ-பி-சி டிக்கெட் எடுங்கள். ஊருக்குள் ஏ-பி போதும். சுரங்க ரயில், எஸ்-பான் என்கிற நகர ரயில், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதே டிக்கெட்தான். முக்கியமாக, ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. முத்திரை இல்லாத காகித டிக்கெட் என்றால் நடைமேடையிலுள்ள முத்திரைப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். சோதனைக்காரர்கள் சாதாரண உடையில் வருவார்கள். மாட்டினால் 60 யூரோ அபராதம்.

ஓசூரிலிருந்து:
அம்மாவுக்கு 100-ஆம் எண் பஸ் நல்லது. விலங்குக் காட்சிசாலை அருகே ஏறினால் நாடாளுமன்றக் கட்டடம் வழியாக ஊர் நடுவிலுள்ள அலெக்சாண்டர்பிளாட்ஸ் சதுக்கம் வரை போகும். மாடி பஸ், அவரைக் கீழேயே ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.