சில்ஃப்ராவில் ரெகுலேட்டர் ஃப்ரீஃப்ளோ ஆகிறது, உதவி வேண்டும்

ஐஸ்லாந்தில் சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த நிலப்பிளவில் டைவிங். தண்ணீர் வருஷம் முழுக்க 2–4 டிகிரிதான். இறங்கிய சில நிமிடங்களில், சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் ஃப்ரீஃப்ளோ ஆகி, காற்று நிற்காமல் கொட்டுகிறது. மேலே வந்து பார்த்தால், ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பாகமான முதல் ஸ்டேஜ் மேல் வெள்ளை வெளேரென்று பனி.

ரெகுலேட்டர் குளிர்நீருக்கான, தண்ணீர் உள்ளே புகாதபடி சீல் செய்த டயாஃப்ரம் (சவ்வு) வகை. போன மாதம்தான் சர்வீஸ். டிரை சூட் (நீர் புகாத உடை), ஆழம் 10 மீட்டருக்குள்.

கரையில் ரெகுலேட்டரில் மூச்சே இழுப்பதில்லை; மூச்சின் ஈரம் உள்ளே உறைந்துவிடும். டிரை சூட்டுக்குள்ளும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறேன். வேறு சிலிண்டரும் போட்டாயிற்று. அப்படியேதான் இருக்கிறது.

நூறு மீட்டர் தூரம் கண்ணாடி போலத் தெரியும் தண்ணீர், விட்டுவர மனசில்லை. இடைநிலை அழுத்தம் (முதல் ஸ்டேஜிலிருந்து வெளிவரும் காற்றின் அழுத்தம்) இப்போது 10 பார். சர்வீஸ் ஆளிடம் சொல்லி 9க்குக் குறைத்தால் இது நிற்குமா?