மறு: ‘ஆன்லைன் மணி கேம்’ – சட்டத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டது. எல்லா மடல்களையும் ஒருசேரப் படித்துவிட்டு எழுதுகிறேன். என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘இணையவழிப் பணய ஆட்டம்’. மற்றவற்றை ஏன் தள்ளினேன் என்பது கீழே.

> நேரே ‘இணையச் சூதாட்டம்’ என்று போட்டால் போயிற்று. எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

ஐயா, மெனக்கெடத்தான் வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற, இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்யும் ஒன்றியச் சட்டத்தின் வரையறையைப் பாருங்கள். திறமையால் வெல்வதோ, அதிர்ஷ்டத்தால் வெல்வதோ, இரண்டும் கலந்ததோ, எதுவானாலும் சரி. பணமோ பணத்துக்கு ஈடான ஒன்றோ வைத்து, வென்றால் பணம் வரும் என்று எதிர்பார்த்து ஆடினால் அது ‘ஆன்லைன் மணி கேம்’. அவ்வளவுதான்.

இப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்ததே என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் சொன்னது. சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில் 1996-இலும் அதே போக்கு. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்து வந்த 2022 சட்டத்தை ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் இருப்பதை மட்டும் 2023 நவம்பரில் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை ஆண்டும் நிறுவனங்கள் சொல்லிவந்தது ஒரே வரி: ‘இது சூது இல்லை, திறமை.’ ஒன்றியச் சட்டம் அந்த வழக்குக்குள்ளேயே போகவில்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டது. நாம் ‘சூதாட்டம்’ என்று பெயர் வைத்தால் அவிழ்த்த முடிச்சைத் தமிழில் மறுபடி போடுகிறோம். போதாக்குறைக்கு, ‘சூதுவாது தெரியாத பிள்ளை’ என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் வஞ்சகமும் ஏறிவிடுகிறது. தண்டனைச் சட்டத்தின் வரையறைப் பிரிவுக்கு அந்தப் பாரம் வேண்டாம்.

> ‘பணவிளையாட்டு’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் ‘பணம்’, ‘விளையாட்டு’ இரண்டுமே இடிக்கின்றன.

பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதே சட்டம் ஊக்குவிக்கிற ஈ-ஸ்போர்ட்ஸில் (திரையில் போட்டியாக ஆடுவது) பதிவுக் கட்டணம் வாங்கலாம், வென்றவருக்குப் பரிசுத் தொகையும் தரலாம். பொழுதுபோக்குக்காக ஆடும் சோஷியல் கேமில் சந்தா வசூலிக்கலாம். ஆக, காசு கைமாறுவது குற்றமில்லை. காசை வைத்து, போனால் போகிறது, வந்தால் கூட வரட்டும் என்று ஆடுவதுதான் கோடு. ‘பணவிளையாட்டு’ அந்தக் கோட்டைக் காட்டவில்லை.

விளையாட்டு இன்னும் சிக்கல். ஆங்கிலத்தின் கேம், ஸ்போர்ட் இரண்டுக்கும் நாம் ‘விளையாட்டு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். பலன் என்ன? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நேரு விளையாட்டரங்கைப் பார்த்துக்கொள்கிறது. இணையவழி விளையாட்டு ஆணையமோ நள்ளிரவு 12 முதல் விடிகாலை 5 வரை பண ரம்மிக்குப் பூட்டுப் போட்டது. பெயரை மட்டும் கேட்கிறவருக்கு ஒன்று மற்றொன்றின் கிளை என்றே தோன்றும்! இந்தச் சட்டத்திலோ இரண்டும் எதிரெதிர்த் தட்டில் நிற்கின்றன. ஈ-ஸ்போர்ட்ஸ் என்றால் அதே ஆண்டின் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டத்தின்கீழ் ஏற்பு பெற்றிருக்க வேண்டும், யாரும் எதையும் பந்தயமாக வைக்கக் கூடாது. ஆகவே ஸ்போர்ட்டுக்கு ‘விளையாட்டு’, கேமுக்கு ‘ஆட்டம்’ என்று பிரித்துவிடலாம். சீட்டாட்டம், ஆடுபுலி ஆட்டம், சதுரங்க ஆட்டம் என்று வழக்கு ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. ஈ-ஸ்போர்ட்ஸ் ‘மின்விளையாட்டு’ ஆகட்டும். அங்கே ஆடுகிறவர் வீரர், இங்கே ஆட்டக்காரர். ரம்மி ஆடுகிறவரை ‘வீரர்’ என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

> ‘பந்தய ஆட்டம்’ என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், இரண்டு விதமாகப் புரியும். ரேக்ளாப் பந்தயமும் பந்தயம், ‘என்ன பந்தயம் கட்டுறே?’ என்பதும் பந்தயம். போட்டி, பணயம் இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. சட்டம் பிரித்து வைத்திருப்பது சரியாக இந்த இரண்டைத்தான். போட்டி ஆகும், பணயம் ஆகாது.

> ‘காசு வச்சு ஆடுறது’ என்றுதானே ஊரில் சொல்கிறோம்? ‘காசாட்டம்’ என்று கொள்ளலாம்.

அம்மா, இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த சொல் இதுதான். நாளிதழ்த் தலைப்பில் வரட்டும், மனதார வரவேற்பேன். ஆனால் ‘பணமோ பிற ஸ்டேக்கோ’ (ஸ்டேக் என்பது ஆட்டத்தில் இழக்கத் துணிந்து வைப்பது) என்று சட்டம் சொல்லி, அந்தப் ‘பிற’வுக்குத் தனி வரையறையும் தருகிறது: பணம் கொடுத்து நேராகவோ சுற்றி வளைத்தோ வாங்கிய புள்ளி, நாணயம், டோக்கன், பொருள், கண்ணுக்குத் தெரிவதோ திரையில் மட்டும் இருப்பதோ, எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி. ‘காசாட்டம்’ என்றால், ‘எங்கள் செயலியில் காசே இல்லை, வைரக்கல்தான்’ என்று நாளைக்கே ஒருவர் வாதாடுவார்.

பணயம் அந்த இடத்தை நிரப்பும். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், கடைசியில் பாஞ்சாலியை வைத்தான். வைப்பது காசாக இருக்க வேண்டியதில்லை என்பதைத் தமிழர் எவருக்கும் தனியே விளக்க வேண்டாம். ஸ்டேக் = பணயம், பிற ஸ்டேக் = பிற பணயம். நுழைவுக்குக் கொடுப்பது ‘கட்டணம்’, இழக்கத் துணிந்து வைப்பது ‘பணயம்’ என்ற வேறுபாடும் கிடைக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிக்கப்போகின்றன.

> ‘உருளாயம்’ என்று குறளே இருக்கிறதே (933)?

அங்கே ஆயம் என்பது உருளும் கவற்றால், அதாவது சூதாடும் காயால், வரும் ஈட்டம். வைப்பதைக் குறிக்காது. தவிர, ஆயத்துறை என்றால் வரி நினைவுக்கு வரும். தள்ளிவிடலாம்.

> பணயம் என்றதும் பணயக்கைதிதான் மனதில் வருகிறார்.

வருகிறார், மறுக்கவில்லை. ‘உயிரைப் பணயம் வைத்து’ என்பதும்தான் வருகிறது. ஒன்றை ஈடாக நிறுத்துவது என்ற வேர்ப்பொருள் இரண்டிலும் ஒன்றே. வேண்டுமானால் ‘பணையம்’ என்ற வடிவம் உண்டு, ஆனால் அச்சில் அதிகம் பழகியது ‘பணயம்’. ஒரு வேண்டுகோள்: இலக்கணம் பார்த்து ‘பணயவாட்டம்’ என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். வாட்டம் அதற்குள் புகுந்துகொள்கிறது. தோற்றவர் முகத்துக்குப் பொருத்தம்தான், சட்டத்துக்கு வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“இணையவழிப் பணய ஆட்டம் வழங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதை விளம்பரப்படுத்துபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.”

எனக்கு உறுத்தவில்லை. ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது என்பதால் ‘வழங்குபவர்’, ‘ஆட்டக்காரர்’ இரண்டும் எங்கும் குழம்பாமல் நிற்க வேண்டும்.

சோஷியல் கேமுக்கு ‘சமூக ஆட்டம்’ என்று ஒரு மடலில் பார்த்தேன். வேண்டாமே. வரையறையில் சமூகம் எங்குமே இல்லை. கேளிக்கைக்கோ திறன் வளர்ப்புக்கோ மட்டும், பணயம் இல்லாமல், என்றுதான் இருக்கிறது. ‘பொழுதுபோக்கு ஆட்டம்’ போதும்.

மீதி இருப்பது ஃபேன்டசி கிரிக்கெட், அதாவது அசல் வீரர்களைத் தேர்ந்து நாமே ஓர் அணி சேர்த்து, அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி பெறும் ஆட்டம். இந்திய அணியின் சட்டையில் இருந்த, அந்த ஆட்டத்தை நடத்திய டிரீம்11 நிறுவனத்தின் பெயர் இந்தச் சட்டத்தால் போயிற்று என்பதால் செய்திகளில் அடிக்கடி வருகிறது. ‘கற்பனை அணி’ எனக்கு ஒப்பவில்லை. அணியில் இருப்பவர்கள் அசல் வீரர்கள், அவர்கள் எடுக்கும் ஓட்டமும் அசல். நாம் பொறுக்கிச் சேர்க்கிறோம், அவ்வளவே. ‘பொறுக்கணி’ காதுக்கு ஆகவில்லை, ‘தேர்வணி’ பரவாயில்லை. கிரிக்கெட் எழுதுகிறவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள். அதைத் தனி இழையாகத் தொடங்கலாம், இங்கேயே கலக்க வேண்டாம்.

அன்புடன்.