டெய்லர் இல்லை என்றார்கள், காலர்தான் வரவில்லை: கம்பெனிப் பிரச்சினைகளைத் தேடிப்போன அனுபவங்கள்

கோவை, தொழில் ஆலோசகர்:

ஒரு கம்பெனியில் நம்மைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் முதலில் நம் முன் வருவது பிரச்சினை அல்ல, முடிவு. "இஆர்பி சாஃப்ட்வேர் போடணும்", "ஆள் எடுத்துக் குடுங்க", "அந்த சூப்பர்வைசரை மாத்தணும்." அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வந்தார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. அப்படிப் போனதில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள். பெரிய வெற்றிக்கதையாக இருக்க வேண்டியதில்லை. எதைப் பார்த்தீர்கள், எங்கே பிடி கிடைத்தது என்பது இருந்தால் போதும்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. ஐரோப்பிய பையர்களுக்கு டி-ஷர்ட் செய்கிறார்கள். சரக்கு தேதிக்குப் போவதில்லை. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டியதைக் கடைசி நேரத்தில் விமானத்தில் அனுப்புகிறார்கள், அந்தச் செலவு முழுக்க இவர்கள் தலையில். ஆர்டரில் நிற்கும் லாபம் அதிலேயே போய்விடுகிறது. முதலாளி சொன்னது இது: "டெய்லர் நிக்கறதில்லைங்க. இன்னிக்கு வர்றான், நாளைக்குப் பக்கத்துக் கம்பெனிக்குப் போயிடறான். ஆள் இருந்தா எல்லாம் தேதிக்குப் போயிரும்." புரொடக்‌ஷன் மேனேஜரும் அதையேதான் சொன்னார். பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் மட்டும் சாயப்பட்டறையைக் குறை சொன்னார்கள்.

யார் சொல்வது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. முந்தைய சீசனில் முடிந்த ஆர்டர் ஃபைல்களை எடுத்து, தாமதமானவை ஒரு பக்கம், தேதிக்குப் போனவை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தேன். கெப்னர், ட்ரெகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் வகுத்த முறையில் ஒரு கேள்வி உண்டு. பிரச்சினை எங்கே இருக்கிறது? இருந்திருக்கக்கூடிய எந்த இடத்தில் இல்லை? பலரும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். இங்கே இரண்டாவது பாதிதான் உதவியது. ரவுண்டு நெக் ஆர்டர்கள் பெரும்பாலும் தேதிக்குப் போயிருந்தன. தாமதமானவற்றில் ஏறக்குறைய எல்லாமே காலர் வைத்த போலோ. அதே டெய்லர்கள், அதே லைன், அதே சாயப்பட்டறை. ஆள் பற்றாக்குறை என்றால் அது ரவுண்டு நெக்கையும்தானே அடித்திருக்க வேண்டும்?

அப்புறம் ஓடிக்கொண்டிருந்த ஒரு போலோ ஆர்டரைப் பிடித்து, அது போகும் இடமெல்லாம் நானும் போனேன். போலோவுக்கு உடம்புத் துணி ரவுண்டு மெஷினில் ஓடும், காலர் ஃப்ளாட் மெஷினில் ஓடும். இரண்டும் வேறு வேறு இடம், வேறு வேறு ஜாப் ஒர்க்காரர்கள். துணியை கிலோ கணக்கில் போடலாம், மொத்தம் எத்தனை பீஸ் என்று தெரிந்தாலே ஆரம்பித்துவிடலாம். காலர் அப்படி இல்லை. ஸ்மாலுக்கு ஒரு நீளம், லார்ஜுக்கு ஒரு நீளம். எந்த சைஸில் எத்தனை என்று பையர் சொன்னால்தான் போட முடியும். பையர் அதைக் கடைசியில்தான் சொல்கிறார். அதற்குள் துணி ஓடி முடிந்து சாயப்பட்டறைக்குப் போய்விடுகிறது. பட்டறைக்காரர் காலருக்காகக் காத்திருப்பாரா? துணியை ஏற்றி முடித்துவிடுகிறார். பின்னால் வரும் காலர் தனி லாட்டில் சாயம் ஏறுகிறது, ஷேட் தட்டிவிடுகிறது. கருநீலத் துணியில் லேசாகச் சிவப்படித்த கருநீலக் காலர். பையரின் ஆள் வெளிச்சப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த உடனே தள்ளிவிடுவார். மறுபடி சாயம், மறுபடி காத்திருப்பு.

இந்த நேரத்தில் தையல் லைனில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். வெட்டிய துணி கட்டுக்கட்டாக டேபிள் பக்கத்தில் கிடக்கிறது, காலர் இல்லாமல் தைக்க முடியாது. டெய்லர்கள் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவர்கள். தைத்தால்தான் காசு. ஒரு டெய்லரிடம் கேட்டேன், "காலர் வரலைன்னா என்னங்க பண்ணுவீங்க?" "என்ன பண்றதுங்க, ஒரு நாள் பார்ப்போம், அப்புறம் வேலை இருக்கற பக்கம் போயிருவோம்" என்றார். ஆள் இல்லாததால் சரக்கு தாமதமாகவில்லை. சரக்கு நின்றதால் ஆள் போனார்கள். முதலாளி கண்ணால் பார்த்தது உண்மைதான், டெய்லர்கள் போகத்தான் செய்தார்கள். காரணமும் விளைவும் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஆள் எடுத்திருந்தால், காலருக்காகக் காத்திருக்கும் கூட்டம் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும்.

பழைய ஆர்டர்களைப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் பையர்களின் சைஸ் விகிதம் சீசனுக்கு சீசன் பெரிதாக மாறவில்லை. பழைய விகிதத்தை வைத்துக் காலரில் பெரும்பகுதியை முன்கூட்டியே ஓட்டலாம், காலர் வந்து சேராமல் துணியை சாயத்துக்கு அனுப்பக் கூடாது என்று சொன்னேன். இதை ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மிஞ்சிப்போகும் காலர் குடோனில் எல்லார் கண்ணிலும் படும், பர்ச்சேஸ்காரர் திட்டு வாங்குவார். விமானச் செலவு வேறு கணக்கில் போகிறது, அதற்குத் திட்டு வாங்க ஆளில்லை. ஒரே தாளில் இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் முதலாளி சரி என்றார். அடுத்த சீசனில் போலோ தாமதம் நன்றாகக் குறைந்தது. ஜிப் வைத்த ஸ்டைல்களில் இன்னும் இழுக்கிறது, அங்கே கதை வேறு.

ஓசூர், வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவு:

உங்கள் போலோ, ரவுண்டு நெக் ஒப்பீடு எங்கள் வேலையையே ஞாபகப்படுத்துகிறது சார். எங்களுக்கு இரவு ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட்.

அலுமினிய வார்ப்பில் 50 மில்லிமீட்டர் துளை போடும் வேலை. இரவு ஷிஃப்டில் ரிஜெக்‌ஷன் அதிகம், துளை பெரிதாகிவிட்டது என்று தள்ளப்படும். எங்கள் கம்பெனியில் வொய்-வொய் தாள், அதாவது ஏன் ஏன் என்று ஐந்து முறை கேட்டுக் காரணம் எழுதும் தாள், நிரப்பாமல் எந்தப் புகாரையும் மூட முடியாது. அந்தத் தாள்களை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது கேள்வியிலேயே "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று முடிந்திருந்தன. நடவடிக்கை: அறிவுரை வழங்கப்பட்டது. ராத்திரி தூக்கக் கலக்கம்தான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஐந்து முறை ஏன் என்று கேட்கும் பழக்கத்தைப் பரப்பியவர் டொயோட்டாவின் தாய்இச்சி ஓனோ. அவர் சொல்லும் உதாரணத்தை எல்லா டிரெயினிங்கிலும் காட்டுகிறார்கள். மெஷின் நின்றது, ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் அச்சு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போனது. அந்தச் சங்கிலியில் ஒரு ஆள்கூட வருவதில்லை. நம் ஆட்கள் நிரப்பும் தாளில் ஆள் மட்டும்தான் வருகிறார். இது எனக்கு நிஜமாகவே ஆற்றாமையான விஷயம். இரவில் கண்விழித்து வேலை செய்கிறவர் மேல் பழியைப் போட்டு, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம்.

ஒரே பீஸ்களைப் பகலிலும் இரவிலும் அளக்கச் சொன்னேன், யாருக்கும் முன்னதாகச் சொல்லாமல். இரவில் தள்ளப்பட்டவை பகலில் பாஸ் ஆயின. அப்போதுதான் பார்த்தோம். பகலில் பீஸ்கள் ட்ரேயில் அளவுக்கூடத்துக்குப் போய், கொஞ்ச நேரம் இருந்து, ஆறிய பிறகு அளக்கப்படுகின்றன. இரவில் அளவுக்கூடம் பூட்டு. மெஷினிலிருந்து எடுத்த சூட்டோடு அங்கேயே கேஜ் போடுகிறார்கள். அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 23 மைக்ரான் விரியும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 50 மில்லிமீட்டர் துளை 20 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 23 மைக்ரான் பெரிதாகக் காட்டும். எங்கள் டிராயிங்கில் அந்தத் துளைக்கு எச்7, அதாவது அளவு மாற அனுமதித்த இடம் (டாலரன்ஸ்) மொத்தமே 25 மைக்ரான். சூடே ஏறக்குறைய முழு டாலரன்ஸையும் தின்றுவிடுகிறது. பீஸ் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது உள்ளதே அதன் அளவு என்று உலகம் முழுக்க வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆபரேட்டர் துளையைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார். பீஸை ஆறவிட ஒரு ரேக்கும் இரவுக்கு அளவுக்கூடச் சாவியும் கொடுத்தோம். பழைய வொய்-வொய் தாள்களைத் திரும்பத் திறந்து எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அந்த ஆபரேட்டர்களின் பெயர் அதில் அப்படியே நிற்கக் கூடாது.

மதுரை, மருத்துவமனை நிர்வாகம்:

இரண்டையும் படித்தேன். எங்கள் இடத்தில் பொருள் ஓடுவதில்லை, மனிதர்கள் காத்திருக்கிறார்கள்.

மருந்து கவுண்டரில் நண்பகல் நேரத்தில் கூட்டம் தாங்க முடியாது. வயதானவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இன்னும் இரண்டு கவுண்டர் வேண்டும் என்று ஃபைல் மேலே போய்விட்டது. எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று நோயாளிகளிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், கோபத்தில் இருப்பவர் கூட்டித்தான் சொல்வார். அதனால் தலையை எண்ணினோம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மணிக்கு 60 பேர் வந்து, ஒவ்வொருவரும் சராசரியாக அரை மணி நேரம் இருந்தால், எந்த நேரத்திலும் சராசரியாக 30 பேர் நிற்பார்கள். நிற்பவர்களையும் வருபவர்களையும் எண்ணினாலே காத்திருக்கும் நேரம் தெரிந்துவிடும், யாரையும் கேட்க வேண்டாம்.

எண்ணிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தபோது கண்ணில் பட்டது வேறு. பெரும்பாலான சீட்டுகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. சில சீட்டுகளில் ஸ்டாக் இல்லாத மருந்து இருக்கும். ஃபார்மசிஸ்ட் ஒரு ஆளை டாக்டரிடம் அனுப்புவார், மாற்று மருந்து எழுதி வாங்கி வரும்வரை அந்தக் கவுண்டர் அப்படியே நிற்கும், பின்னால் இருக்கும் அத்தனை பேரும் நிற்பார்கள். கவுண்டரைக் கூட்டினால் நிற்கிற கவுண்டர்தான் கூடும். காலையில் ஓபி தொடங்கும் முன்பே, இன்று இல்லாத மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு டாக்டர் மேசைக்கும் போகும்படி செய்தோம். அப்படியும் வரும் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அடுத்தவரைப் பார்க்கச் சொன்னோம். முதல் வாரத்திலேயே படிக்கட்டில் உட்காருபவர்கள் குறைந்தார்கள். டாக்டர்களில் சிலர் இன்னும் பட்டியலைப் பார்ப்பதில்லை, அவர்களுடைய அறைக்கு நானே நேரில் போய்ச் சொல்கிறேன்.

திருச்சி, நுகர்பொருள் விநியோகம்:

சின்ன அனுபவம், கூடவே ஒரு கேள்வி. எங்கள் கம்பெனி ரிப்போர்ட்டில் மாதத்தின் முதல் வாரம் விற்பனை படுத்துவிடும், கடைசி வாரம் எகிறும். மேலே இருப்பவர்கள் "மாச ஆரம்பத்தில் கிராக்கி இல்லை" என்று முதல் வாரத்துக்குத் தள்ளுபடி அறிவித்தார்கள். கடைகளுக்குப் போகிற எங்களுக்குத் தெரியும், மளிகைக் கடையில் சம்பளம் வந்த வாரம்தான் வியாபாரமே. கடைசி வாரத்தில் டார்கெட்டுக்காக நாங்கள் கடைகளில் சரக்கைத் தள்ளிவிடுகிறோம். கடைக்காரர் முதல் வாரம் முழுக்க அதைத்தான் விற்கிறார், பாக்கியைத் திருப்பி அனுப்புகிறார். ரிப்போர்ட் காட்டுவது நாங்கள் கடைக்கு அனுப்பியதை, மக்கள் வாங்கியதை அல்ல.

கேள்வி இதுதான். இதைக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் டார்கெட்டை ஏமாற்றுகிறோம் என்று ஆகிவிடும். இப்படி எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத விஷயத்தை எப்படி வெளியே கொண்டுவருவது?

கோவை, தொழில் ஆலோசகர்:

ஓசூர் நண்பருக்கு: பழைய தாள்களைத் திருத்த வேண்டும் என்று நின்றீர்களே, அதற்கு என் வணக்கம். ஆய்வு முடிந்ததும் பழி விழுந்தவரிடம் திரும்பிப் போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மதுரை மேடம், இல்லாத மருந்துப் பட்டியல் யோசனையை நான் எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரில் லேபிள், பட்டன் வரவுக்கு அப்படியே பொருந்தும்.

திருச்சி தம்பிக்கு: கூட்டத்தில் "ஏன்" என்று கேட்டால் யாரும் பேச மாட்டார்கள், அந்தக் கேள்வியிலேயே குற்றவாளியைத் தேடும் தொனி இருக்கிறது. நான் தனித்தனியாக, டீக்கடையிலோ லோடு இறக்கும் இடத்திலோ, "போன தடவை இப்படி ஆனப்போ நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்பேன். நடந்ததைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. யார் சொன்னது என்பதை எங்கும் எழுத மாட்டேன். மேலே கொண்டுபோகும்போது ஆட்களின் வார்த்தையை விட்டுவிட்டு, அவர்களுடைய கணக்கிலேயே இருப்பதை எடுத்துப் போவேன்.

உங்கள் விஷயத்தில் அது சுலபம். கடைசி வார பில்களையும் அடுத்த மாத முதல் வார ரிட்டர்ன்களையும் டாலி கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து எடுங்கள். கடை வாரியாக ஒன்றுக்கு நேராக ஒன்று வையுங்கள். மேலே ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பொருள், எந்தப் பகுதி, எப்போதிலிருந்து, எவ்வளவு ரூபாய் திரும்பி வருகிறது. காரணம் வேண்டாம், தீர்வு வேண்டாம், டார்கெட் என்ற சொல்லே அதில் வேண்டாம். அந்த வரியைப் படித்தால் ஏன் என்று அவர்களே கேட்பார்கள், அப்போது நீங்கள் சொல்லலாம். எடுத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். எல்லாக் கடையிலும் திரும்பி வருகிறதா, சில சேல்ஸ்மேன்களின் ரூட்டில் மட்டுமா என்பதை முதலில் பாருங்கள்.